இறங்கிய அன்றே ஈஃபிள் டவர் வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பா கிளம்புகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை பாரிஸ் பற்றியவை, அதிலும் விமானம் இறங்கிய முதல் நாளைப் பற்றியவை. ஆகவே இந்த முறை அது மட்டும். எந்த மியூசியம், எங்கே ஷாப்பிங் என்பதெல்லாம் இன்னொரு இதழில் பார்க்கலாம்.

நானும் என் கணவரும் பாரிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட், அங்கே விமானம் மாறி பாரிஸ். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, இங்கிலீஷ் அரைகுறை. இமிகிரேஷனில் என்ன கேட்பார்கள்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

பயப்பட ஒன்றுமில்லை அம்மா. ஆனால் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கு இமிகிரேஷன் பாரிஸில் இல்லை, பிராங்க்பர்ட்டில்தான். ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், முதலில் எங்கே இறங்குகிறோமோ அங்கேதான் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். பிராங்க்பர்ட்டிலிருந்து பாரிஸ் போவது அவர்கள் கணக்கில் உள்ளூர் விமானம் மாதிரி, பாரிஸில் இறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே வந்துவிடலாம். இது தெரியாமல் "காகிதமெல்லாம் பெரிய பெட்டியில் இருக்கிறது, பாரிஸில்தானே கேட்பார்கள்" என்று பிராங்க்பர்ட் கவுன்டரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் உண்டு. பெரிய பெட்டி அந்த நேரத்தில் பாரிஸ் விமானத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். துபாய், தோஹா வழியாகப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர்களுக்கு எல்லாமே பாரிஸில்தான்.

தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட்டின் அச்சுப் பிரதி, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டுத் தாள், அப்புறம் உங்கள் மகள் அங்கே மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 30 யூரோ கட்டி வாங்கி அனுப்பியிருப்பாரே, அந்த 'அதெஸ்தாசியோன் தக்கேய்' என்கிற தங்குமிடச் சான்று. அதன் அசல் வேண்டும். விசா வாங்கக் கொடுத்தோமே, வேலை முடிந்தது என்று வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். அது கையில் இருந்தால் செலவுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 32.50 யூரோ என்று காட்டினால் போதும், ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கு 65 யூரோ. எல்லாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி என்று பார்த்தால் மூன்று: எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், யார் வீடு. "பாரிஸ், டாட்டர் ஹவுஸ்" என்று சொல்லி நாள் கணக்கையும் சொன்னால் தீர்ந்தது. 2025 அக்டோபரிலிருந்து முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கணினியில் பதிகிற புதிய முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கவுன்டரில் முகத்தைப் படம் எடுப்பார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகையோடு விரலை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மருதாணி, மாவிளக்கு இடித்த காய்ப்பு எதுவாக இருந்தாலும் விரல் நுனியைத் துடைத்துவிட்டு வையுங்கள், ஒரே தடவையில் எடுக்கும்.

பிராங்க்பர்ட்டில் பாதுகாப்புச் சோதனை இன்னொரு முறை நடக்கும். சென்னையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைக் குடித்து முடித்துவிடுங்கள். அந்த விமான நிலையம் பெரிது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகச் சுரங்கப்பாதை, எஸ்கலேட்டர், லிஃப்ட் என்று நடை நீளும். இடையில் இரண்டு மணி நேரமாவது இல்லாத டிக்கெட்டை எடுக்காதீர்கள். சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவுசெய்துகொள்ளுங்கள், பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொன்னால் போதும். ஐரோப்பியச் சட்டப்படி இலவசம். "எனக்கு நடக்க முடியுமே" என்று கூச்சப்படுபவர்கள் முழங்காலைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். அதே சமயம் வரிசையைத் தாண்டுவதற்காக மட்டும் நாற்காலி கேட்கிற நம்மூர் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. உண்மையிலேயே முடியாதவர் ஒருவர் அந்த நாற்காலிக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

மகனுக்கு நெய், திரட்டுப்பால், கருவேப்பிலை, மாவடு, நெத்திலிக் கருவாடு எல்லாம் எடுத்துப்போகலாமா? பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, தூத்துக்குடி

இந்தப் பட்டியலில் தப்பித்துப் போவது எது என்று சொன்னால் சிரிப்பீர்கள், கருவாடு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சி, பால் பொருள் எதையும் சொந்த உபயோகத்துக்குக்கூடக் கொண்டுவரக் கூடாது. கால்நடை நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்கான விதி இது, ருசிக்கோ சுத்தத்துக்கோ சம்பந்தமில்லை. நெய் பால் பொருள், திரட்டுப்பாலும் பால் பொருள், பால்கோவா, பனீர் எல்லாம் அதே கணக்கு. வெண்ணெய் காய்ச்சி ஐந்து லிட்டர் டப்பாவில் அடைத்து ஈயம் வைத்து ஒட்டினாலும் நெய் நெய்தான். குழந்தைகளின் பால் பவுடருக்கு மட்டும் 2 கிலோ வரை சலுகை உண்டு. மீனுக்குத் தனி விதி, ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, கருவாடும் அதில் அடக்கம். சட்டம் விட்டாலும் வாசனை விடாது, ஆகவே மூன்று நான்கு உறையாகக் கட்டுங்கள். பெட்டி திறந்ததும் மகனுடைய சட்டைத்துணி எல்லாம் தூத்துக்குடி துறைமுகம் ஆகிவிட்டால் என்னைச் சொல்லாதீர்கள்.

பச்சைக் கருவேப்பிலை வேண்டாம். இலை, காய், பழம் எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்று இல்லாமலே போகக்கூடிய பழங்கள் ஐந்துதான்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன். மாம்பழம் அதில் இல்லை, மே மாதத்தில் கிளம்புகிற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தேங்காய் போகலாம் என்றதும் கொப்பரையை நினைக்காதீர்கள், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று நம்மூர் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

மாவடு, ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டியில், கையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் மாட்டும். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, முறுக்கு, தட்டை, அதிரசம் தாராளமாக. கருவேப்பிலையை வறுத்துப் பொடியாக்கிவிட்டால் அது பொடி, இலை அல்ல. இன்னொன்று, பாரிஸில் லாச்சப்பல் என்ற ஒரு தமிழ்க் கடைத்தெருவே இருக்கிறது, கருவேப்பிலை, முருங்கைக்காய், வெண்டைக்காய், இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும். மகனுக்கு அங்கே கிடைக்காதது உங்கள் கைப்பக்குவம் ஒன்றுதான், அதற்குப் பொடி வகைகள் போதும்.

தேனிலவுக்குப் பாரிஸ் போகிறோம். காலை 7 மணிக்கு இறங்குகிறோம், ஹோட்டல் ரூம் மாலை 3 மணிக்குத்தான். நேரம் வீணாகாமல் முதல் நாளே லூவர் மியூசியம், மதியம் ஈஃபிள் டவர், இரவு படகு என்று போட்டிருக்கிறோம். சரிதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

சரியில்லை. இதைவிட நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 7 மணிக்கு விமானம் தரையில் தொட்டால் நீங்கள் வெளியே வர எட்டரை ஆகும், வரிசை நீளமாக இருந்தால் ஒன்பதரை. ஊருக்குள் வந்து ஹோட்டலில் பெட்டியைப் போட 11 மணி. அதற்குள் நீங்கள் உட்கார்ந்தபடியே தூங்கி எழுந்து 15 மணி நேரமாகியிருக்கும், பல் தேய்த்திருப்பீர்களா என்பதே சந்தேகம். அந்த நிலையில் லூவரில் நுழைந்தால் மோனா லிசா முன்னால் நிற்கிற கூட்டத்தில் நின்றுகொண்டே தூங்குவீர்கள். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு லூவர் கட்டணம் 32 யூரோ, இரண்டு பேருக்கு 64. தூங்குவதற்கு இது அதிகம். அதோடு லூவருக்கும் ஈஃபிளுக்கும் நேரம் குறித்த டிக்கெட், விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்தப் பணம் போனது போனதுதான். செவ்வாய்க்கிழமை லூவருக்கு விடுமுறை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஹோட்டலில் ரூம் தயாராக இல்லாவிட்டாலும் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கேட்டால் முகம் கழுவ இடம் காட்டுவார்கள். முன்கூட்டியே மெயிலில் "காலையில் வருகிறோம்" என்று எழுதிவையுங்கள், ரூம் காலியாக இருந்தால் 12 மணிக்கே கொடுத்துவிடுகிற ஹோட்டல்கள் நிறைய. பெட்டியைப் போட்டதும் பக்கத்து பூலான்ஜரியில், அதான் ரொட்டிக்கடையில், ஒரு குவாசானும் காபியும். அப்புறம் ஆற்றங்கரைக்குப் போங்கள். நோத்ர்தாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் எரிந்தது நினைவிருக்கும், ஐந்து வருஷம் மூடிக்கிடந்து 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள், உள்ளே போகக் கட்டணம் கிடையாது. கல்லையெல்லாம் கழுவிச் சுத்தம் செய்ததில் உள்ளே பளிச்சென்று இருக்கிறது, பழைய படங்களில் பார்த்த இருட்டு இல்லை. வரிசை பெரிதாக இருந்தால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு ஆற்றோரமாக நடங்கள். டிக்கெட் இல்லாத நிகழ்ச்சி என்பதால் எப்போது வேண்டுமானாலும் பாதியில் திரும்பலாம், முதல் நாளுக்கு அதுதான் முக்கியம்.

3 மணிக்கு ரூம் கிடைத்ததும் குளியுங்கள். படுத்தால் அரை மணி, அலாரம் வைத்துவிட்டு. பாரிஸ் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால். அங்கே இரவு 8 மணி என்பது கோடையில் உங்கள் உடம்புக்கு பதினொன்றரை. மாலை 5 மணிக்கு அசந்து தூங்கிவிட்டால் நள்ளிரவு 1 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், அது மறுநாளையும் சேர்த்துத் தின்னும். எப்படியாவது 9 மணி வரை தாக்குப்பிடியுங்கள். ஜூனில் போனால் வெளிச்சம் ராத்திரி 10 மணி வரை இருக்கும், அது உதவும். டிசம்பரில் 5 மணிக்கே இருட்டிவிடும், அப்போது கடைத்தெரு வெளிச்சத்தில் நடங்கள். படகுச் சவாரியை விட்டுவிடுங்கள், மெதுவாக ஆடுகிற இருக்கையில் உட்கார்ந்தால் அவ்வளவுதான், உங்கள் மனைவி தோளில் நீங்கள், அவர் தோளில் பக்கத்து ஜப்பான்காரர்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ரயிலா, டாக்ஸியா? நாங்கள் நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி.
– வாசகர், திருநெல்வேலி

நான்கு பேர் என்றால் டாக்ஸி. காரணம் இதோ.

சார்ல் து கோல் விமான நிலையம் ஊருக்கு வடகிழக்கே 25 கிலோமீட்டரில். அங்கிருந்து ஆர்இஆர் பி என்ற ரயில் நகரத்துக்குள் ஓடுகிறது, கார் து நோர் ஸ்டேஷனுக்கு அரை மணி நேரம். இரண்டாவது டெர்மினலில் இறங்கினால் ரயில் நிலையம் அங்கேயே. ஒன்றாவது டெர்மினல் என்றால் முதலில் ஓட்டுநர் இல்லாத இலவச ஷட்டில் ரயிலில் ஏறி வர வேண்டும். 2025 ஜனவரியில் கட்டண முறையை மாற்றினார்கள், விமான நிலைய டிக்கெட் ஆளுக்கு 13 யூரோ ஆனது, நகருக்குள் மெட்ரோ டிக்கெட் 2.50. ஒவ்வொரு ஜனவரியிலும் கொஞ்சம் ஏற்றுவார்கள். அந்தக் கணக்கில் நான்கு பேருக்கு ரயில் 52 யூரோ. டாக்ஸிக்கு மீட்டர் பேச்சே கிடையாது, அரசு நிர்ணயித்த ஒரே தொகை: சேன் ஆற்றுக்கு வடக்கே, அதாவது வலது கரைக்கு 56 யூரோ, தெற்கே இடது கரைக்கு 65. பெட்டிக்குத் தனிக் காசு இல்லை, நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றாலும் அதே தொகை. நாலு யூரோவுக்காக நான்கு பெட்டியை மெட்ரோ படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏறப்போகிறீர்களா? பாரிஸ் மெட்ரோ 1900-ல் தொடங்கியது, பழைய ஸ்டேஷன்களில் பெரும்பாலும் லிஃப்ட் இல்லை, ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே ஏறி இறங்கி ஏறணும்.

டாக்ஸியில் ஒரே எச்சரிக்கை. பெட்டி எடுத்து வெளியே வந்த உடனே, கோட் போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து "டாக்ஸி? டாக்ஸி?" என்பார். சில சமயம் கழுத்தில் அடையாள அட்டைகூடத் தொங்கும். அவர் பின்னால் போகாதீர்கள். உண்மையான டாக்ஸிக்காரர் உள்ளே வந்து ஆள் பிடிப்பதில்லை, வெளியே வரிசையில் நிற்பார், கூரையில் 'டாக்ஸி பாரிஸியன்' என்ற விளக்குப் பலகை இருக்கும். ஏறும்முன் "ஃபிஃப்டி சிக்ஸ், ஃபிக்ஸ்ட்?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

தனியாகவோ இருவராகவோ, கையில் ஒரு பெட்டியோடு போகிறவர்களுக்கு ரயிலே நல்லது. டிக்கெட்டை நவிகோ ஈஸி என்ற அட்டையில் ஏற்றித் தருவார்கள், அட்டை 2 யூரோ, ஆளுக்கு ஒன்று வேண்டும், இரண்டு பேர் ஒரே அட்டையைத் தேய்த்துப் போக முடியாது. இயந்திரத்தின் பக்கத்தில் "நான் உதவுகிறேன்" என்று விரலை நீட்டுகிறவரைத் தவிர்த்துவிட்டு, கவுன்டரில் வரிசையில் நில்லுங்கள். இறங்கும் ஸ்டேஷனிலும் அட்டையைக் காட்டித்தான் வெளியே வர முடியும், பாதியில் பரிசோதகரும் வருவார், ஆகவே அதைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். ரயில் கதவோரம் நிற்கும்போது கையில் போன் வேண்டாம். கதவு மூடுகிற நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள் உண்டு.

திங்கள் அல்லது செவ்வாய் இறங்கி அந்த வாரம் முழுக்க இருக்கப்போகிறவர்களுக்கு ஒரு லாபம். வாரப் பாஸ் ஒன்று இருக்கிறது, 2025 கணக்கில் 31.60 யூரோ, அட்டைக்கு 5 யூரோ தனி, ஒரு சின்னப் புகைப்படம் ஒட்ட வேண்டும். விமான நிலைய ரயிலும் அதில் அடக்கம். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று கிடையாது. சனிக்கிழமை இறங்குகிறவருக்குப் பிரயோஜனமில்லை. புகைப்படத்தை இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.

டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்றும் பாருங்கள். ஓர்லி என்றால் 2024 ஜூனிலிருந்து மெட்ரோ 14-ஆம் லைன் நேராக அங்கேயே வருகிறது, அது புதிய லைன், லிஃப்ட் எல்லாம் உண்டு. போவே என்று போட்டிருந்தால் பாரிஸ் என்ற பெயரை நம்பாதீர்கள், அது ஊருக்கு வெகு தூரம், பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல்.

கொழும்பிலிருந்து தோஹா வழியாக பாரிஸ் போகிறேன். சித்தப்பா வீட்டில்தான் தங்குகிறேன், ஆனால் நான் போய்ச் சேரும் நேரம் அவர் வேலையில் நிற்பார். சாவி பக்கத்துக் கடையில் இருக்கும் என்றார். வீட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டமோ?
– வாசகர், யாழ்ப்பாணம்

தெருவைப் பிடிப்பது சுலபம், கதவைத் திறப்பதுதான் வேலை. சித்தப்பாவிடம் முகவரியோடு நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: தெருக்கதவின் ரகசிய எண், உள்ளே இரண்டாவது கதவு இருந்தால் அதற்கான எண் அல்லது மணியில் இருக்கும் பெயர், எத்தனையாவது மாடி, இடது கதவா வலது கதவா. பாரிஸின் பழைய கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக்கு இலக்கம் கிடையாது, 'மூன்றாம் மாடி, இடது' என்பதுதான் முகவரி. மாடிக் கணக்கு நம்முடையது போலத்தான், தரைத்தளத்துக்கு மேலே இருப்பது முதல் மாடி. ரகசிய எண்ணை அழுத்தியதும் ஒரு சின்ன 'டிக்' சத்தம் வரும், அந்த நொடியில் கதவைத் தள்ள வேணும், கனமான கதவு, தோளால் தள்ளுங்கள். படிக்கட்டு விளக்கு சுவரில் உள்ள பொத்தானை அழுத்தினால் எரியும், ஓரிரு நிமிஷத்தில் தானே அணைந்துவிடும். பெட்டியோடு இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கும்போது அணையும், பயப்படாமல் அடுத்த மாடிப் பொத்தானைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அதில் சின்னச் சிவப்பு ஒளி இருக்கும்.

இதையெல்லாம் தாளில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் போனதும் தெருவில் நிற்க வேண்டியதுதான். சாவி கடையில் என்றீர்கள், அந்தக் கடை திறக்கும் மூடும் நேரத்தையும் கேளுங்கள். ஞாயிறு மதியத்துக்குமேல் பல கடைகள் மூடிவிடும்.

எஞ்சினீயரிங் முதுகலைக்குப் போகிறேன். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால் சனிக்கிழமை இரவு 9.30-க்கு இறங்குகிறேன். ரெசிடென்ஸில் ரூம் உறுதியாகிவிட்டது. வேறு என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

தம்பி, டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது ஹோட்டலில் போகப்போகிறது. மாணவர் விடுதி அலுவலகங்கள் பெரும்பாலும் வார நாட்களில்தான் திறந்திருக்கும், சாயங்காலத்தோடு மூடிவிடுவார்கள். சனி இரவு போய்க் கதவைத் தட்டினால் யாரும் இருக்க மாட்டார்கள். இன்றைக்கே விடுதிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், இரவில் சாவி தர ஏற்பாடு இல்லையென்றால் சனி, ஞாயிறு இரண்டு இரவுக்குப் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் ஒரு படுக்கை எடுத்துவிடுங்கள். தேதி மாற்ற முடிந்தால் செவ்வாய் காலைக்கு மாற்றுங்கள், கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் பரவாயில்லை.

சாவி வாங்கும்முன் இரண்டு விஷயம். ஒன்று, வீட்டுக் காப்பீடு. பத்து சதுர மீட்டர் ரூமுக்குக்கூடக் கேட்பார்கள், ஆன்லைனில் மாதம் சில யூரோவுக்குக் கிடைக்கும், முன்பே எடுத்துச் சான்றிதழை அச்செடுத்து வையுங்கள். இரண்டாவது, 'எதா தே லியூ' என்று ஒரு படிவம் தருவார்கள், ரூம் எந்த நிலையில் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற பட்டியல். களைப்பில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். சுவரில் கீறல், மேசையில் சூடுபட்ட கறை, ஒழுகுகிற குழாய், எல்லாவற்றையும் எழுதச் சொல்லிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் ரூமைக் காலிசெய்யும்போது அந்தக் கறைக்கு உங்கள் முன்பணத்திலிருந்து பிடிப்பார்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஒரு துண்டு பெட்டியில் இருக்கட்டும், மெத்தை மட்டும் இருக்கிற ரூம்கள் அதிகம். மாணவர் விசாவை இறங்கிய மூன்று மாதத்துக்குள் ஆன்லைனில் செல்லுபடியாக்க வேண்டும், முதல் நாளே செய்யணும் என்றில்லை, ஆனால் மறந்தால் பெரிய தலைவலி.

போனுக்கு என்ன செய்வது? பணம் எவ்வளவு மாற்றிப் போகலாம்?
– வாசகி, சேலம்

இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். கார்டில் பணம் கட்டினால் வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், ஆகவே கிளம்பும்முன் ரோமிங்கைப் போட்டு வையுங்கள். டேட்டாவுக்கு இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம், ஒன்றை இங்கேயே வைஃபையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் இறங்கியதும் வேலைசெய்யும். விமான நிலையக் கடையில் சிம் விலை அதிகம்.

கையில் 100, 150 யூரோ, அதுவும் சில்லறையாக, போதும். விமான நிலையப் பணமாற்றுக் கடையில் அவர்கள் தரும் விலை பகல்கொள்ளை. மற்றதெல்லாம் கார்டு, ரொட்டிக்கடையிலும் தட்டினால் போகும், 50 யூரோவுக்கு மேல் பின் நம்பர் கேட்கும். உங்கள் கார்டில் வெளிநாட்டு உபயோகத்தை ஆப்பில் திறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஏடிஎம் திரையிலோ கடை இயந்திரத்திலோ "ரூபாயில் எடுக்கட்டுமா, யூரோவிலா" என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் இஷ்டத்துக்கு ஒரு மாற்று விலை போட்டுக்கொள்வார்கள்.

பெட்டி வராவிட்டால்?
– வாசகர், ஈரோடு

பெட்டி வரும் கூடத்தை விட்டு வெளியே வராதீர்கள், அதுதான் முதல் விதி. அங்கேயே இருக்கும் லக்கேஜ் கவுன்டரில் புகார் எழுதிக் குறிப்பு எண் வாங்குங்கள். அந்தத் தாளும், சென்னையில் போர்டிங் பாஸில் ஒட்டிய பெட்டிச் சீட்டும் இல்லாமல் அப்புறம் எதுவும் நடக்காது. தங்கும் முகவரியைத் தெளிவாகக் கொடுங்கள், பெரும்பாலான பெட்டிகள் ஓரிரு நாளில் வீட்டுக்கே வந்துவிடும். அதுவரை வாங்கும் சட்டை, பேஸ்ட், சார்ஜர் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக்கொண்டால் விமான நிறுவனத்திடம் கேட்கலாம். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், தாமதமாக வந்தால் வந்து சேர்ந்த 21 நாளுக்குள். 21 நாள் ஆகியும் வரவில்லையென்றால் தொலைந்ததாகவே கணக்கு. கணவன் மனைவி போகிறீர்கள் என்றால் ஒருவர் துணியில் பாதியை இன்னொருவர் பெட்டியில் வையுங்கள், மாத்திரை முழுக்கக் கைப்பையில், மருந்துச் சீட்டோடு.

நாங்கள் சைவம். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன வழி?
– வாசகர், மதுரை

கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் நடந்து வாருங்கள். ஃபோபூர் சேன் தெனி தெருவும் அதையொட்டிய காய் தெருவும், அதைத்தான் லாச்சப்பல் என்கிறார்கள். 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வந்து குடியேறிக் கட்டியெழுப்பிய கடைத்தெரு. நகைக்கடை, துணிக்கடை, மளிகை, சலூன், எல்லாப் பலகையிலும் தமிழ். தோசை, இட்லி, இடியாப்பம், சொதி கிடைக்கும். ஒரே கடையில் கொத்துரொட்டிச் சத்தமும் கேட்கும், ஒரே கல்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. கொஞ்சம் தள்ளி 18-ஆம் வட்டாரத்தில் மாணிக்க விநாயகர் கோயில். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் போனால் தேர்த்திருவிழா கண்ணில் படலாம், பாரிஸ் தெருவில் மலை மலையாகத் தேங்காய் உடைப்பார்கள்.

அந்தப் பக்கம் போக முடியாத களைப்பா? சூப்பர் மார்க்கெட்டில் பழம், ரொட்டி, தயிர் வாங்கி ரூமில் சாப்பிட்டுப் படுங்கள். தயிர் அங்கே நன்றாக இருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். ஹோட்டலில் உட்கார்ந்தால் 'உய்ன் கராஃப் தோ' என்று கேளுங்கள், ஒரு கூஜா தண்ணீர் காசில்லாமல் வரும். வெறுமனே 'வாட்டர்' என்றால் பாட்டிலைத் திறந்து பில்லில் போட்டுவிடுவார்கள்.

பாரிஸ்காரர்கள் முகம் கொடுத்தே பேச மாட்டார்களாமே?
– வாசகி, நாகர்கோவில்

கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்" சொல்லுங்கள், அதற்கப்புறம் வேண்டியதை இங்கிலீஷில் கேளுங்கள். சொல்லாமல் நேரே விலை கேட்டால், வீட்டுக்குள் வந்த விருந்தாளி வாங்க என்றதற்குப் பதில் சொல்லாமல் சமையலறையை எட்டிப் பார்த்த மாதிரி அவர்களுக்கு. பஸ் டிரைவருக்கும் சொல்லணும். மாலை ஆறேழு மணிக்கு மேல் "போன்சுவார்". முகம் தானாக மாறும்.

மகள் மிக்ஸி கேட்கிறாள். அங்கே வேலைசெய்யுமா?
– வாசகி, காரைக்குடி

செய்யும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் நம் மூன்று பின் பிளக் அந்தச் சாக்கெட்டில் ஏறாது, இந்தியாவிலேயே நல்ல அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே இங்கிலாந்துப் பிளக்குக்குத்தான் சுலபமாகக் கிடைக்கும். நம்மூர் உருண்டையான இரண்டு பின் போன் சார்ஜர் அப்படியே பொருந்தும். மிக்ஸி ஜாரைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள், பிளேடு இருப்பதால் கையில் விட மாட்டார்கள். பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் போக வேண்டும்.